கால் ஒடிந்த 'ஆர்'

பிலடெல்பியா, ஆர்ச் தெரு, நூலகத்தின் கீழ்த்தளம்.
அறுபத்தைந்து டிகிரி. தாளுக்கு இது போதும்;
எனக்குத்தான் மே மாதத்திலும் கம்பளிச் சட்டை.

மேசைமேல் ஒரு செய்தித்தாள், நான்கு பக்கம்,
ஆயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து.
கந்தலை அரைத்துச் செய்த தாள்.
யாரோ கழற்றிப் போட்ட உள்பாவாடையில்
அரசனை மறுக்கும் வாதம் அச்சாகியிருக்கிறது.

முதல் பக்கக் கட்டுரையாளன் பெயர் 'வழிப்போக்கன்'.
சொல்கிறான்:
முடியை வானம் சூட்டவில்லை, பழக்கம் சூட்டியது;
பழக்கத்தை நிறுத்துப் பார்க்க
ஒவ்வொரு மண்டைக்குள்ளும் ஒரு தராசு உண்டு;
அண்டைவீட்டான் எத்திசை பார்த்துத் தொழுதால் என்ன,
அவன் ஜெபம் என் ஆட்டைக் கடிப்பதில்லை.

கப்பலில் வந்த புத்தகங்களை
உப்போடு சேர்த்துத் தின்றவன் போலிருக்கிறது.
வரியை வைதுகொண்டிருந்த ஊர்
காரணம் கேட்கப் பழகியது
இப்படிப்பட்ட மலிவுத் தாள்களில்தான்.

அச்சிட்டவர் ஒபதியா ஃபெல்.
மார்ச்சில் அவர் ஒரு காரியம் செய்தார்.
அரசனுக்கு ஆதரவாக வந்த கடிதத்துக்கும்
அதே அளவு இடம் கொடுத்தார்.
'மறுப்பவன் வாயை அடைத்துவிட்டு
என் வாய்க்கு விடுதலை கேட்கமாட்டேன்'
என்று கீழே ஒரு வரி.

அன்றிரவு கதவை உடைத்தார்கள்.
விடுதலை, விடுதலை என்று கத்திக்கொண்டே
எழுத்துப் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள்.
சிந்திய அரிசி போல் தரையெல்லாம் ஈயம்.
அடுத்த இதழில் மன்னிப்பு இல்லை,
தாமதத்துக்கு வருத்தம் மட்டும்.
ஒன்பது நாள் மண்டியிட்டு
ஒவ்வோர் எழுத்தாய்ப் பொறுக்கி
அதனதன் அறையில் போட்டிருக்கிறார்கள்.
பகுத்தறிவு என்பது
முதலில் முதுகுவலி.

அதற்குப் பிறகுதான்
பெரிய 'ஆர்' ஒன்றுக்குக் கால் இல்லை.
லென்ஸில் தெரிகிறது:
மூன்றாம் பத்தி, ஏழாம் வரி,
'ரீசன்' நொண்டுகிறது.
எனக்கு அதைப் பிடித்துப்போனது.
அடி வாங்கியும் வேலைக்கு வந்த எழுத்து.

பிறகு தாளை விரித்தேன்.

மூன்றாம் பக்கம், வலப்பக்க அடி.
வெல்லப்பாகு விற்பனைக்கும்
காணாமல்போன பசுவுக்கும் நடுவில்
விரல் அகலத்தில் ஒருத்தி.
பெயர் ஃபிபா. வயது இருபத்திரண்டு.
நீலக் கோடு போட்ட பாவாடை.
நன்றாகப் பேசுவாள்.
இடது காலைச் சற்று இழுத்து நடப்பாள்.
பிடித்துத் தருவோருக்கு எட்டு டாலர்.
'ரிவார்ட்' என்பதில் அதே 'ஆர்', அதே நொண்டல்.
விசாரிக்க: அச்சகத்தார்.

ஒரு பக்கம் அடித்து முடித்ததும்
எழுத்தைக் கலைத்து அடுத்ததற்குக் கோப்பார்கள்,
ஈயம் அவ்வளவு அருமை.
நடுவில் ஒரு மத்தியானச் சாப்பாடு இருந்திருக்கலாம்.

ஒபதியாவைத் திட்ட வாய் வருகிறது,
அந்த ஒன்பது நாள் குறுக்கே நிற்கிறது.
மன்னிக்கவும் வரவில்லை.

வழிப்போக்கனின் அந்த இன்னொரு சொல்லைத்
தமிழில் சொல்லிப் பார்த்தேன், ஆறிப்போன இட்லியோடு.
பொறுத்தல். பொறை.
அண்டைவீட்டான் கடவுளைப் பொறுத்தால் பெருந்தன்மை.
அவளிடம் சொன்னால் அதே சொல்
வெறும் 'பொறு'.
இப்போதில்லை, முதலில் அரசன் போகட்டும், பொறு.
சட்டம் எழுதி முடியட்டும், பொறு.

அவள் பொறுக்கவில்லை.
முந்தைய வாரங்களின் வழிப்போக்கனை
யாரோ உரக்க வாசித்தபோது
அவள் மேசை துடைத்துக்கொண்டிருந்திருப்பாள்.
'ஒவ்வொரு மண்டைக்குள்ளும்' என்பதை
எழுதியவனைவிட நேராக எடுத்துக்கொண்டிருப்பாள்.
இது என் ஊகம். தாளில் இல்லை.

தாளில் இருப்பது, விளம்பரத்தின் குறுக்கே ஒரு கிழிசல்.
கோதுமைப் பசை, ஜப்பானிய மெல்லிழைத் தாள், ஒரு மணி நேரம்.
ஒட்டினால் அவள் அடையாளங்கள் மறுபடி தெளிவாகும்.
கையில் தூரிகையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஒட்டினேன்.

அடுத்த இதழ்களைத் தேடினேன், டிசம்பர் வரை.
விளம்பரம் இன்னும் இரண்டு முறை வந்து நின்றுவிட்டது.
பிடித்தார்களா, கட்டணம் தீர்ந்ததா, தெரியாது.

அறிக்கையில் எழுதினேன்:
கிழிசல் சரிசெய்யப்பட்டது. லேசான மஞ்சள் கறை.
ஓர் எழுத்துக்குக் கால் இல்லை, இரண்டு இடங்களில்.
தாளின் குறை அல்ல.